என்னைக் கேட்காமல் பொரித்த டிராகன்

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு நான் ஒரு கோரைப்பல்லின் மெழுகு அச்சைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெரியவரின் மேல்தாடையில் இடப்பக்கம் போக வேண்டிய பல். கூர்மை கொஞ்சம் கூடினால் உதட்டைக் குத்தும். குறைந்தாலோ மனிதர் பொம்மை மாதிரிச் சிரிப்பார். எங்கள் பல் லேபில் இந்த மாதிரி வேலைகளை என்னிடம்தான் தருவார்கள். கை நடுங்காது என்று பெயர் எடுத்திருக்கிறேன்.

மேசையில் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழு. என் நாத்தனார் ஒரு படம் போட்டிருந்தாள். கலர் பென்சிலில் அவளே வரைந்தது. பச்சை நிறத்தில் ஒரு குட்டி டிராகன் தலையணையில் மோவாயை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

'நம்ம டீமுக்குப் புது வரவு. பேரு பஞ்சு. பெட்டிக்குள்ள இருந்து வந்த என் தங்கம்!'

அதற்குக் கீழே அவள் கணவர் இரண்டு இதயம் போட்டிருந்தார். அதற்கும் கீழே என் கணவர் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார்.

அந்தக் கட்டைவிரலைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. கத்தி ஆழமாக இறங்கி, பெரியவரின் கோரைப்பல் இரண்டு துண்டாகி மடியில் விழுந்தது.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நாங்கள் நான்கு பேரும் ஒரு கதை விளையாட்டு விளையாடுவோம். இரண்டு வருடமாக ஒரே கதைதான் ஓடுகிறது. மூன்று பேருக்கு ஆளுக்கொரு பாத்திரம். என் கணவர் கோடரி வீரன். நாத்தனார் காட்டில் வளர்ந்த வில்லாளி. அவள் கணவர் பேக்கரி வைத்திருப்பவர், எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். கதையில் அவர் திருடன். நான் கதைக்காரி. மற்ற எல்லாமே நான்தான். ராஜாவும் நான், ஓநாயும் நான், மழையும் நான், அவர்கள் கால் வைத்ததும் இற்று விழும் பாலமும் நான்தான். அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகமாக இருந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டச் சொல்வேன். பெரிய எண் விழுந்தால் பிழைத்தார்கள்.

கதை தொடங்கிய முதல் மாதத்தில் இடிந்த கோட்டை ஒன்றில் அவர்களுக்கு ஓர் இரும்புப் பெட்டி கிடைத்தது. திறக்க முடியாத பெட்டி. காதை வைத்துக் கேட்டால் உள்ளே ஏதோ துடிக்கும். இரண்டு வருடமாக அதைச் சுமந்துகொண்டே அலைந்தார்கள். உள்ளே இருப்பது என்ன என்று எனக்கு மட்டும் தெரியும். உலகத்தின் கடைசி டிராகன் முட்டை. கதையின் கடைசி நாளில் அதன் தாய் வந்து கேட்கும். கொடுத்தால் டிராகன்கள் திரும்ப வரும், ஊர்கள் எரியும். உடைத்தால் ஊர்கள் பிழைக்கும், ஓர் இனமே அழியும். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருக்கப்போகும் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தாய் டிராகனைக்கூட லேபில் மிச்சமான அக்ரிலிக்கில் செய்து வைத்திருந்தேன். ஐம்பத்திரண்டு பல். எல்லாம் நிஜப் பீங்கான், நோயாளிகளின் பற்களோடு சேர்த்து ஒரே சூளையில் சுட்டது.

அந்த முடிவைச் சொல்ல இன்னும் நான்கு ஞாயிறுதான் பாக்கி. நாத்தனார் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவமனை அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. அங்கே பேக்கரிக்கு இடம் பார்த்தாகிவிட்டது, வீட்டில் பாதிச் சாமானைப் பெட்டியில் கட்டியாகிவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்பு புதுச் சூளையைப் பழக என்னை லேபில் இரண்டு நாள் வெளியூருக்கு அனுப்பினார்கள். ஒரு ஞாயிறு வீணாக வேண்டாமே என்று என் கணவரிடம் கதையைக் கொடுத்துவிட்டுப் போனேன். ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். 'சந்தைக்குப் போகட்டும். கயிறு வாங்கட்டும். மழை பெய்யட்டும். பெட்டியைத் தொடக் கூடாது.' கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "நல்லாப் போச்சு, கயிறு வாங்கினாங்க" என்றார். அடுத்த இரண்டு ஞாயிறும் எனக்கு லேபில் அவசர வேலை. விளையாடவே இல்லை.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது அவர் வாஷ்பேசினில் சோப்புத் தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் முழங்கை வரை ஏறியிருக்கும்.

"கயிறு வாங்கினாங்கன்னு சொன்னீங்களே?"

"வாங்கினாங்களே."

"வேற என்ன வாங்கினாங்க?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "படத்தைப் பார்த்துட்டியா?" என்றார் குழாயைப் பார்த்து.

"நான் பார்க்கணும்னுதானே குரூப்ல போட்டிருக்கா? சொல்லுங்க. முட்டை எப்படிங்க பொரிஞ்சுது?"

"பாப்பா பெட்டியைத் திறக்கவான்னு கேட்டா. முடியாதுன்னுதான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள அவ மூஞ்சி…"

"அவ மூஞ்சிக்கு என்ன?"

"கேக்குற மாதிரி இருந்துச்சு."

"கேக்குறப்ப மூஞ்சி கேக்குற மாதிரிதாங்க இருக்கும்!"

முப்பத்தைந்து வயசு அவளுக்கு. பசுவின் வயிற்றிலிருந்து கன்றுக்குட்டியைக் கையாலேயே இழுத்து வெளியே எடுக்கும் நர்ஸ். இன்னும் அவருக்குப் பாப்பாதான்.

"பகடையைப் போடு, இருபது விழுந்தா திறக்கலாம்னு சொன்னேன். இருபதுல ஒண்ணுதானே, எங்க விழப்போகுதுன்னு நினைச்சேன்."

"விழுந்துச்சு."

"விழுந்துச்சு!" என்றார். சொல்லும்போதே முகத்தில் ஒரு பெருமை. "நீ பார்த்திருக்கணும். மாப்ள நாற்காலி மேலயே ஏறிட்டாரு. அப்புறம் முட்டையைத் தொடட்டுமான்னு கேட்டா. மறுபடி போடச் சொன்னேன். பத்தொன்பது. நான் என்ன பண்ணுவேன் சொல்லு?"

"நடக்கவே கூடாத விஷயத்துக்கு யாராவது பகடை குடுப்பாங்களா? லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது, உள்ள இருக்கிறவர் கதவைத் திறக்கவான்னு கேக்குறார். பகடை போடுங்க சார், இருபது விழுந்தா குதிங்கன்னு சொல்வீங்களா?"

"அது லிஃப்ட்மா. இது விளையாட்டு."

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. கைப்பையை நான் வைத்த வேகத்தில் உள்ளே இருந்த டிபன் பாக்ஸ் திறந்துகொண்டது.

"ரெண்டு வருஷம்ங்க. லேப்ல எந்தப் பல்லுக்கு என்ன நிறம்னு டாக்டர் சொல்றாரு. இந்த வீட்ல எந்தச் சுவருக்கு என்ன நிறம்னு உங்க குடும்பமே கூடிப் பேசிச்சு. நான் சொன்னா சொன்னதுன்னு ஒரு இடம் இருந்துச்சுன்னா, அது அந்த மேசை. அதை ரெண்டு நாள் பார்த்துக்கோங்கன்னு குடுத்தா, உங்க தங்கச்சி மூஞ்சியைப் பார்த்துத் தூக்கிக் குடுத்துட்டீங்க."

"சரி, தப்புதான். நாளைக்கு அது கனவுன்னு சொல்லிடேன். அழிச்சாப் போச்சு."

அப்படி அழிக்கவும் முடியாது. மேசையில் நடந்தது நடந்ததுதான் என்று சட்டம் போட்டவளே நான். பேக்கரி அண்ணாவின் முதல் திருடன் கிணற்றில் விழுந்து செத்தபோது அவர் ஒரு தட்டு நிறைய பன் கொண்டுவந்து கெஞ்சினார். நான் அசையவில்லை. அன்று அவருக்கு இல்லாத சலுகையை இன்று எனக்கு நானே எப்படிக் கொடுத்துக்கொள்வது?

"இருக்கட்டும்" என்றேன். "டிராகன் வளர்க்கணும்னு ஆசைப்பட்டாங்கல்ல? வளர்க்கட்டும்."

அவருக்கு இந்தக் குரல் தெரியும். சோப்பு போகாத கையோடு அப்படியே நின்றார்.

*

ஞாயிறு மூன்று மணிக்கு நாத்தனார் வந்தாள். கையில் புது நோட்டு. உள்ளே கட்டம் போட்டு, பஞ்சுவின் எடை, வாரத்துக்கு எவ்வளவு கறி, எத்தனை மணிக்கு உறக்கம், நெருப்பு கக்கினால் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிவிட வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தாள். கண் அப்படி மின்னியது.

"அண்ணி, பாருங்களேன். உடம்பு எடையில நூத்துக்கு ஆறு பங்கு தீனி. குட்டிக்கு அவ்ளோ வேணும். ஆடு வாங்க இடம்கூடப் பார்த்து வச்சுட்டேன்."

"எழுதினது எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். "அதுக்கு எவ்ளோ பசிக்கும்னு அதுகிட்ட யாரு கேட்டீங்க?"

பிறகு நான் கதையைத் தொடங்கினேன்.

பொய்யாக ஒன்றும் செய்யவில்லை. அதுதான் என் சாமர்த்தியம். டிராகன் எப்படி இருக்குமோ அப்படித்தான் நடத்தினேன். முதல் அரைமணியில் பஞ்சு ஒரு கிடை ஆட்டைத் தின்றது. ஆட்டுக்காரன் அரிவாளோடு வந்தான். நாத்தனார் பேசிச் சமாளித்தாள். கதைக் கணக்கில் மூன்றே வாரத்தில் மாட்டளவு வளர்ந்தது. படகில் ஏற்றினார்கள், படகு முழுகியது. கோடரி வீரனின் தாடி இரண்டு முறை கருகியது. ஒவ்வொன்றுக்கும் அவள் நோட்டைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க எனக்கு உள்ளே இன்னும் சூடேறியது.

கடைசியில் ஆற்றோரச் சத்திரத்துக்கு வந்தார்கள்.

அந்தச் சத்திரத்தை ஒருத்தி நடத்திக்கொண்டிருந்தாள். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. அவளாக நான் பேசும்போது எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு வருடமாகப் பேக்கரி அண்ணாவின் திருடன் அவள் பின்னால் சுற்றினான். ஒவ்வொரு வாரமும் எதையாவது திருடிக்கொண்டு வந்து கொடுப்பான். அவள் அதை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி விரட்டுவாள். போன மாதம்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்திருந்தாள்.

பஞ்சு இரவில் தும்மியது என்றேன். சத்திரம் எரிந்தது என்றேன். எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள், அவள் மட்டும் மாடியில் மாட்டிக்கொண்டாள் என்றேன்.

"நான் ஏறிப் போறேன்" என்றார் பேக்கரி அண்ணா.

"படி இல்ல. எரிஞ்சு விழுந்துடுச்சு."

"சுவத்துல ஏறுறேன். நான் திருடன்தானே?"

உருட்டினார். பதினெட்டு. நல்ல எண். போதாது என்றேன்.

பேக்கரி அண்ணா பகடையை எடுத்து மேசை ஓரத்தில் மெதுவாக வைத்தார். "தங்கச்சி, நான் என்ன பண்ணேன்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் நாத்தனார் எழுந்துவிட்டாள்.

"நீங்க ஒண்ணும் பண்ணலங்க. நான்தான் பண்ணேன். எனக்குன்னு ஒண்ணு கெடைச்சா அண்ணிக்குத் தாங்காது. முதல்ல குதிரை. பள்ளத்துல தள்ளிட்டாங்க. அப்புறம் அந்த மூணுகால் நாய். விஷம். பருந்துக்கு அம்பு. கீரிப்பிள்ளைக்கு என்னன்னுகூட ஞாபகம் இல்ல, அடுத்த வாரம் வந்தா அது செத்துப்போச்சுன்னாங்க! நாலுல ஒண்ணாவது நான் பண்ண தப்பால செத்துச்சா? வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில நான் பிடிச்சுக்கிறேன், டாக்டர் ஊசி போடுறாரு, உசுரு என் கையிலதான் போகுது. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் சாகாத ஒண்ணு வேணும்னு கேட்டேன். அவ்ளோதான்."

"கேட்டியா? யாரைக் கேட்ட?" நானும் எழுந்துவிட்டேன். "நான் ஊர்ல இல்லாதப்போ, ரெண்டு வருஷம் பூட்டி வச்ச பெட்டியைத் திறந்துட்டு, படம் வரைஞ்சு போட்டு எனக்குத் தகவல் சொல்ற! நான் என்ன இந்த மேசைக்குத் துணி மாத்துறவளா?"

"நீங்கதானே குடுத்தீங்க! குடுத்த கையாலயே பிடுங்குறீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல!"

"நான் எங்கடி குடுத்தேன்?"

என் கணவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "எல்லாருக்கும் டீ போடவா?"

"உட்காருங்க!" என்றேன்.

"உட்காரு!" என்றாள் அவள், அதே மூச்சில். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அண்ணி, அன்னைக்கு நானே சொன்னேன், அண்ணியைக் கேக்காமப் பெட்டியைத் திறக்க வேணாம்னு. அண்ணன் போன் பண்ணிட்டு வர்றேன்னு பால்கனிக்குப் போனாரு. வந்து, 'சரின்னுட்டா, ரொம்ப சந்தோஷம், அதைப் பாப்பாகிட்டதான் குடுக்கணும்னு நானே நினைச்சிருந்தேன்னு சொன்னா'ன்னு சொன்னாரு. நான் அன்னைக்கு அழுதுட்டேன், தெரியுமா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் உப்புக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"எனக்கு போன் வரலையே."

"பண்ணல" என்றார்.

"அப்புறம் பால்கனியில?"

"சும்மா காதுல வச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் நின்னேன்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உன்கிட்ட கேட்டா முடியாதும்ப. அதை நான் போய் அவகிட்ட சொல்லணும். ஊருக்குப் போற பொண்ணு. ரெண்டு பேருக்கும் மனசு கஷ்டமில்லாம…"

எனக்கு வந்த கோபத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. பால்கனியில் காற்றோடு அவர் பேசிய அந்த மனைவி யார்? என்னைவிட நல்லவள். உடனே சரி என்கிறாள், சந்தோஷப்படுகிறாள், நாத்தனாரைக் கண் கலங்க வைக்கிறாள். பன்னிரண்டு வருடத்தில் அவர் அவளோடு இன்னும் எத்தனை முறை பேசியிருக்கிறார்? மாமியார் வீட்டு விசேஷத்துக்கு நான் 'சந்தோஷமா வர்றேன்' என்று சொன்னதெல்லாம் அவள் சொன்னதுதானா?

"உங்களுக்கு மனசு கஷ்டமில்லாம" என்றேன். "உங்களுக்கு! இவ என்னை வெறுக்கிறா, நான் இவளை வெறுக்கிறேன், நடுவுல நீங்க நல்லவரு."

நாத்தனார் நோட்டை மூடிப் பையில் போட்டாள். "நான் கிளம்புறேன்" என்றாள். அண்ணனைத் தாண்டிப் போகும்போது நிற்கவில்லை. செருப்பை மாட்டும் சத்தமும் கதவு சாத்தும் சத்தமும் கேட்டன.

பேக்கரி அண்ணா மட்டும் அன்றும் கொண்டுவந்திருந்த பன் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, சத்திரக்காரி சாகல" என்றேன். "பின்னாடி ஜன்னல் ஒண்ணு இருந்துச்சு. நான் சொல்ல மறந்துட்டேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஜன்னல் இருந்துச்சா?"

"…இல்ல."

"அப்ப விடுங்க தங்கச்சி. நடந்தது நடந்ததுதான். நீங்களே மாத்திட்டீங்கன்னா அப்புறம் மத்ததை எல்லாம் நான் எப்படி நம்புறது?" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போனார். அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

*

நான்கு நாள் அவரோடு பால், கேஸ், சாவி என்ற மூன்று விஷயங்களுக்கு மேல் பேசவில்லை. அவர் எனக்குப் பிடித்த பக்கமாகத் துணி மடித்து வைத்தார். அதைப் பிரித்துத் திரும்ப மடித்தேன். வியாழக்கிழமை லேபில் சூளை சூடாகும் வரை பத்து நிமிடம் இருந்தது. நாத்தனாருக்கு போன் செய்தேன். பின்னால் ஏதோ ஒரு நாய் விடாமல் ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"நாலும் எனக்கு வசதியா இருக்குன்னுதான் செத்துச்சு" என்றேன் எடுத்த எடுப்பில். "சண்டை நடக்குறப்போ குதிரை எங்க நிக்குது, நாய் எங்க நிக்குதுன்னு கணக்கு வச்சுக்கணும். தொல்லை. அதான் கொன்னேன். கீரிப்பிள்ளையை மறந்தே போயிட்டேன்."

ஊளை நின்று மறுபடி தொடங்கியது.

"பஞ்சுவையும் கொல்லப் போறீங்களா?"

"கொல்லத்தான் நினைச்சேன். இப்ப தெரியல."

"சரி. உண்மையையாவது சொல்றீங்க." மூச்சை விட்டாள். "ஞாயித்துக்கிழமை வர்றோம். ஆனா அண்ணி, அண்ணன்…"

"மேசையில உட்காரமாட்டாரு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"வீட்லயே இருக்கட்டும். ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

"டீ போட்டுக் குடுக்கட்டும்."

"சர்க்கரையும் அவரே கேக்காம சரியாப் போடணும்" என்றாள். அந்த வாரத்தில் முதன்முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் அதற்காகக் குறைந்துவிடவில்லை.

*

ஞாயிறு அவர் அடுக்களையில் நின்றார். கதவு திறந்தே இருந்தது. நாங்கள் மூன்று பேர் மேசையில்.

நான் என் பழைய முடிவை எழுதி வைத்திருந்த பக்கங்களைக் கிழித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். கிழிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஆனால் அதில் கொடுப்பதற்கும் உடைப்பதற்கும் ஒரு முட்டை இருந்தது. இங்கே முட்டை இல்லை. அவள் குரலைக் கேட்டால் ஓடி வருகிற ஒரு குட்டி இருந்தது.

எரிந்த சத்திரத்துக்குப் பின்னால் இருந்த வயலில் தாய் வந்து இறங்கியது என்றேன். துணிக்குள் சுற்றி வைத்திருந்ததை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். பேக்கரி அண்ணா குனிந்து பல்லை எண்ணத் தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டார்.

"அது விட்ட மூச்சுல வயல் பூரா எரிஞ்சு சாம்பல். கழுத்தை நீட்டி முகர்ந்துக்கிட்டே வருது. இது பஞ்சுவோட அம்மா. ரெண்டு வருஷமா அந்தப் பெட்டியைத்தான் தேடிட்டு இருந்துச்சு."

நாத்தனார் அந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வில்லை எடுப்பாள் என்று நினைத்தேன். அல்லது அழுவாள். இரண்டும் இல்லை. கேள்வி கேட்டாள். மருத்துவமனையில் கேட்கிற குரலில்.

"எவ்ளோ தூரத்துல இருக்கு?"

"நூறு அடி."

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

இதை நான் யோசித்ததே இல்லை. "உன் பக்கத்துலேருந்து அது பக்கம்."

"அப்ப அதுக்கு என் வாசனைதான் முதல்ல வரும்." நகத்தைக் கடித்தாள். "மனுஷ வாசனை ஊறின குட்டியைத் தாய் முகர்ந்து பார்த்துட்டுத் தள்ளி விட்டுடும் அண்ணி. ஆட்டுல நான் பார்த்திருக்கேன். முட்டித் தள்ளும். இது முட்டாது, கடிச்சிடும்." திடீரென்று நிமிர்ந்தாள். "அந்த வயல் அதோட நெருப்புலதானே எரிஞ்சுது? அந்தச் சாம்பல்ல அதோட வாசம் இருக்குமா?"

இரண்டு வருடம் உட்கார்ந்து யோசித்த எனக்கு வராதது இது.

"இருக்கும்" என்றேன்.

"அப்ப நான் பஞ்சுவைச் சாம்பல்ல படுக்க வச்சு, தலையிலேருந்து வால் வரைக்கும் தேய்க்கிறேன். இறக்கைக்கு அடியில, காதுக்குப் பின்னாடி எல்லாம். என் வாசனை போற வரைக்கும்."

"நானும் தேய்க்கிறேன்" என்றார் பேக்கரி அண்ணா. சத்திரத்தை எரித்த குட்டி அது. அவர் சட்டைக் கையை நிஜமாகவே மடித்துவிட்டுக்கொண்டார்.

"தேய்க்கிறீங்க. அது விளையாட்டுன்னு நினைச்சுப் புரளுது."

"சும்மா படு பஞ்சு" என்றாள் அவள், மேசைத் துணியை ஒரு கையால் தடவியபடி. "கொஞ்ச நேரம்தான்."

அடுக்களையிலிருந்து கரண்டி விழும் சத்தம். "பாப்பா, குடுத்துடாத! சண்டை போட்டுப் பார்க்கலாம், நான் கோடரியோட வர்றேன்…"

"பேசக் கூடாது!" என்றோம் மூன்று பேரும்.

அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இப்ப நான் கையைக் கழுவிட்டு, என் வாசனை அதுகிட்ட போகாத பக்கமாப் போய் ஒரு மரத்துக்குப் பின்னாடி நிக்கிறேன். கூப்பிட மாட்டேன். அவ்ளோதான் அண்ணி. நீங்க சொல்லுங்க."

என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாமல் வாயைத் திறந்தேன். தாய் குனிந்தது. குட்டியின் வயிற்றை, இறக்கையை, காதுக்குப் பின்னால் முகர்ந்தது. இன்னொரு முறை முகர்ந்தது. பிறகு நாக்கை நீட்டி அந்தச் சாம்பலை ஒரே இழுப்பில் நக்கியது. கழுத்துத் தோலைப் பல்லால் கவ்விக்கொண்டு எழும்பியது. இதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. எதுவும் என் மடியில் இருந்த பக்கங்களில் இல்லை.

நாத்தனாரின் தாடை இறுகியிருந்தது.

"திரும்பிப் பார்த்துச்சா?"

"பார்த்துச்சு."

"எனக்காகச் சொல்லாதீங்க."

"உனக்காக நான் எதுக்குடி சொல்லணும்? பார்த்துச்சு. ரெண்டு தடவை."

அவள் தலையாட்டினாள். நோட்டைத் திறந்து அன்றைய கட்டத்தில் எடையை எழுதாமல் ஒரு கோடு போட்டாள். பேக்கரி அண்ணா மூக்கை உறிஞ்சிவிட்டு, "சாம்பல் ஏறிடுச்சு" என்றார்.

என் கணவர் டீ கொண்டுவந்தார். அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டே தங்கையின் பக்கத்தில் நின்றார்.

"பாப்பா, அடுத்த வாரம் நான் வந்து உட்காரலாமாடா? நீங்க ஊருக்குப் போறதுக்கு ரெண்டு வாரம்தானே இருக்கு?"

கேட்கிற மாதிரிதான் இருந்தது அவர் முகம்.

அவள் அதை முழுசாகப் பார்த்தாள். "முடியாது" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன்."

"டீ ஆறுது" என்றேன். "வைங்க."